ஏழரை மணி நேரம்

ஐந்தாம் தளத்தில், காபி எந்திரத்துக்குப் பக்கத்தில்
பட்டியலை ஒட்டியிருந்தார்கள்.
ஆழம் போதாத கடல், கப்பல் கரைக்கு வராது,
மண்டபம் வரை சிறு படகு.
காலை எட்டரைக்கு இறங்கினால்
மாலை நாலுக்குக் கடைசிப் படகு.
விரல் விட்டு எண்ணிய கொழுந்தியா
"ஏழரையா?" என்றாள்.
அந்தக் கணமே தேவிபட்டினம் உறுதியாயிற்று,
கடலுக்குள் நிற்கும் ஒன்பது கல்லில்
ஒருவரை மட்டும் தனியாகப் பார்த்துவிட்டு வர.

சகலை பாலதண்டாயுதம் இருபத்திரண்டு தீர்த்தம் என்றார்.
மாற்றுத்துணி அவசியம் என்று போட்டிருந்தது.
மகனுக்குக் குருசடைத் தீவு, கண்ணாடி அடிப் படகு.
பவளம் தெரிவது அன்றைய நீரைப் பொறுத்தது
என்றொரு நட்சத்திரக் குறி.
சுலோசனா தனுஷ்கோடியை மூன்று முறை தொட்டாள்,
மூன்று முறையும் விலையைப் பார்த்து விரலை எடுத்தாள்,
கடைசியில் தங்கையோடு சேர்ந்துகொண்டாள்.

முப்பது வருஷம் தணிக்கை செய்தவன் நான்,
எந்தத் தாளையும் அடியிலிருந்துதான் படிப்பேன்.
எங்கள் பேருந்து தாமதித்தால் கப்பல் காத்திருக்கும்,
தாமாகச் செல்வோர்க்குக் காத்திராது.
எறும்பெழுத்தில் இருந்த அந்த வரி
ஏனோ எனக்குப் பிடித்துவிட்டது.

இறங்குதுறையில் கருவாட்டு வெயில்.
ஆட்டோவில் கால் நீட்டியிருந்தவர் நைனா முகம்மது.
எங்கே என்றார்.
தெரியவில்லை, நாலுக்கு இங்கே விட்டால் போதும் என்றேன்.
என்னை ஒருமுறை, கப்பலை ஒருமுறை பார்த்தார்.
"அப்ப என் சோலியப் பாத்துக்கிட்டே போவமா?"

முதலில் உச்சிப்புளி, கேஸ் ஆபீஸ்.
காலி சிலிண்டருக்கும் எனக்கும் ஒரே இருக்கை.
லோடு வரலை, நாளைக்கு வாங்க என்றார்கள்.
அங்கே நின்ற எட்டுப் பேரில்
யாரும் அதை நம்பவில்லை,
யாரும் கிளம்பவும் இல்லை.
நைனா போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தார்.
பிறகு வேதாளையில்
மகள் மறந்துவிட்டுப்போன ஜியாமெட்ரி பாக்ஸ்,
பள்ளிக்கூட வாட்ச்மேன் கையில்.
பிறகு மூன்று பாளம் ஐஸ், சாக்குப் போர்த்தி,
பாம்பனில் மச்சான் வள்ளத்துக்கு.

பாலத்தில் எல்லா வண்டியும் ஓரங்கட்டியிருந்தது.
ரயில் வரப்போகிறதாம்.
கைப்பிடிச் சுவர் நெடுக முதுகுகள்.
நிறுத்துவாரா என்று பார்த்தேன்.
"கரையுது சார்."
முதுகுகளுக்கு நடுவே துண்டு துண்டாகக் கடல் ஓடிற்று.
செருப்புக்குள் ஐஸ் தண்ணீர்.
சகலைக்கு இருபத்திரண்டு.
எனக்கு ஒன்று.

மச்சான் வறுத்த சீலா கொடுத்தார்,
யார் என்று கேட்கவில்லை.

மூன்று இருபதுக்குத் திரும்பினால் பாலம் அடைத்துக்கிடந்தது.
நான் கடிகாரத்தைப் பார்ப்பதை
நைனா கண்ணாடியில் பார்த்தார்.
"போனாப் போகுது சார், நம்ம வீட்ல அரிசி கெடக்கு."
கொஞ்சம் யோசித்து,
"அடுப்புதான் எரியாது."

நாலுக்கு நாலு நிமிஷம்.
படகில் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.
எவ்வளவு என்றேன்.
ஐஸைக் கழித்தார், சிலிண்டரைக் கழித்தார்,
மகள் பெட்டியையும் கழித்து
முந்நூற்றைம்பது என்றார்.
எந்தக் கோப்பிலும் நான் பார்க்காத கழித்தல்.
என் நம்பரை வாங்கி
கப்பல் சார் என்று பதிந்துகொண்டார்.

ராத்திரிச் சாப்பாட்டில் படங்கள் சுற்றி வந்தன.
தண்ணீர் ஏறியிருந்ததில்
எந்தக் கல் எவரென்று தெரியவில்லையாம்,
கொழுந்தியா பொதுவாகக் கும்பிட்டாளாம்.
மகன் பார்த்தது கலங்கல்.
சகலை தும்மினார்.
நீங்க எங்கே என்றாள் சுலோசனா.
கேஸ் ஆபீஸ் என்றேன்.
எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன்.

பத்து மணிக்கு மேல்தளத்தில் நின்றபோது
கரை ஒரு கோடு வெளிச்சம்.
சட்டைப்பையில் போன் ஒருமுறை அதிர்ந்தது.
லோடு வந்துருச்சு சார்.
பதில் தட்டினேன், போகவில்லை,
சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.
பின்னால் வந்த சுலோசனா
யாரு இந்த நேரத்துல என்றாள்.
"வந்துருச்சாம்" என்றேன்.