ஷேடு கார்டு

தெற்கு மாரட் வீதி பெயின்ட் கடையில்
பதினோரு வருஷமாக நிறம் கலக்குகிறேன்.
ஆயிரத்து அறுநூறு நிறம், எண்ணோடு மனப்பாடம்.
வெள்ளையில் மட்டும் நாற்பத்திரண்டு.
ஆனால் பெரியாஸ்பத்திரி மாடியில்
என் மகள் முதன்முதலாக எனக்குக் காட்டிய நிறத்துக்குக்
கார்டில் எண் கிடையாது.

தார் என்று சொல்லலாம்.
பைபாஸ் ரோட்டில் உருகிக் கிடக்குமே, மே மாசத் தார்,
அதில் ஒரு துளி கரும்பச்சை.
விரலில் ஒட்டினால் விடாது.
"காட்டுப்பீ தம்பி, பயப்படாதீக.
பத்து மாசம் உள்ள கெடந்தது, இப்பத்தான் வாசல் தெறந்திருக்கு"
என்ற ஆயா இருளாயி
டீக்காசு வாங்கிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.
பழக்கதோஷம், என் கை
டர்பன்டைனைத் தேடியது.
பவளம் தேங்காய் எண்ணெயை நீட்டினாள்.

மூன்றாம் நாள் வில்லாபுரம் வந்தோம்.
ஆட்டோக்காரர் ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும்
நிறுத்தி, மூச்சு விட்டு, ஏற்றி இறக்கினார்.
டிஸ்சார்ஜ் கார்டில் பெயர்: பேபி ஆஃப் பவளக்கொடி.

அன்று சாயங்காலம் இடுப்புத் துணியில்
செங்கல் பொடி.
பவளம் பார்த்தாள். நான் பார்த்தேன்.
ரத்தம் என்கிற வார்த்தையை
இரண்டு பேருமே வாயில் வைத்துக்கொண்டு
துப்பாமல் நின்றோம்.

"பிங்க்கா, சிவப்பா?" என்று போனில் கேட்டார் சிஸ்டர்.
வாழ்க்கையில் முதல் தடவையாக
எனக்கு ஒரு நிறத்தைச் சொல்லத் தெரியவில்லை.
"செங்கத் தூள் மாதிரி..."
"அதான். மூத்திரம் கெட்டியா இருக்கு, பால் பத்தல.
ரெண்டு மணிக்கொருக்கா எழுப்பி அமத்துங்க.
நாளைக்கும் இருந்தா தூக்கிட்டு வாங்க."

எழுப்பினோம்.
உள்ளங்காலைச் சுண்டி, காதைத் தடவி,
ஈரத்துணியால் நெற்றியைத் தொட்டு.
தையல் வலியில் உட்கார முடியாதவள்
ஒருக்களித்துப் படுத்தபடி
ஒவ்வொரு மடக்கையும் எண்ணினாள்.
நாலு மடக்கு, ஒரு விக்கல், தூக்கம்.
கேஸ் புத்தகத்தின் பின்னட்டையில்
மூத்திரத்துக்குக் கோடு, மற்றதுக்கு வட்டம் என்று
நான் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன்.
அவனியாபுரம் பக்கம் கடைசி விமானம் இறங்கியது.
கோடு இல்லை.
பக்கத்து வீட்டு டிவி அணைந்தது.
கோடு இல்லை.

நாலரைக்குக் குழாயில் தண்ணீர்.
குடத்தை வைத்துவிட்டுத் திரும்புகிறேன்,
பவளத்தின் நைட்டி முன்புறம் முழுக்க ஈரம்.
"பால் எறங்கிருச்சு" என்றாள்,
எதையோ கொட்டிவிட்டு மாட்டிக்கொண்டவள் போல.
வெளியே குடம் வழிந்து
தெருவில் யாரோ என்னைத் திட்டினார்கள்.

நான்காம் நாள் பச்சை,
தெப்பக்குளத்துக் கீழ்ப்படிப் பாசி.
கோடுகள் நாலு.
ஐந்தாம் நாள்
முகம் மிளகாய்ப் பழமாகி, புருவம் நெரித்து,
பெரிய முடிவொன்றை எடுப்பவள் போல
மகள் ஃபேனைப் பார்த்தாள்.
நான் துணியை அவிழ்க்கும் நேரத்துக்குக் காத்திருந்து
விட்டாள்.
என் தோள், தலையணை உறை,
காலண்டருக்குக் கீழே சுவர்,
டிஸ்சார்ஜ் கார்டில் சரியாக அந்த 'ஆஃப்'.
மஞ்சள்.
கடுகை அரைத்துத் தயிரில் விட்டது போல, விதை விதையாக.
நாற்றமில்லை. லேசாக மோர்ப் புளிப்பு.
"சிரிக்க வைக்காதீங்க, தையல் வலிக்குது" என்று
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் பவளம்.
நான் ஒன்றுமே செய்யவில்லை.
வட்டம் போட்டேன், கொஞ்சம் பெரிய வட்டமாக.

மறுநாள் கடைக்குப் போனேன்.
இரண்டு தடவை அலசியும் தோளில் ஒரு தடம்.
திருப்பாலையிலிருந்து வந்த அம்மா
சமையலறைக்கு மஞ்சள் வேண்டுமென்று
கார்டைப் புரட்டி, விரலை வைத்தார்.
அதே மஞ்சள்.
"இது அழுக்காத் தெரியுமாப்பா?"
"இல்லம்மா" என்றேன். "ரொம்ப ஆரோக்கியமான கலர்."
அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.
பிறகு நாலு லிட்டர் வாங்கிப் போனார்.