அரைப்பக்கம்

இருபத்தைந்தாம் ஆண்டு மலரில்
முதல் அணியின் வரலாறு நாற்பது பக்கம், வண்ணத்தில்.
ரிசர்வ் அணிக்கு அரைப்பக்கம் என்று
பாலக்காட்டு ஆபீஸிலிருந்து போன்.
பதினெட்டு வருஷமாய்ச் செலவுக் கணக்கு எழுதுகிறவனுக்கு
வரலாறும் வரும் என்று
யாரோ நினைத்திருக்கிறார்கள்.

மைதானம் வேலந்தாவளம், செக்போஸ்ட்டுக்குப் பின்னால்.
வாடகை கம்மி, புல்லும் கம்மி.
தை மாதத்தில் டாஸ் ஜெயித்தால்
முதலில் மேற்கே பார்த்து ஆடுவோம்,
கணவாய்க் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும்.
இடைவேளைக்குப் பிறகு
எங்கள் கோலி உதைத்த பந்து
பாதி வழி போய், யோசித்து,
அவனிடமே திரும்பி வரும்.

பார்க்க வருகிறவர்கள் லாரிக்காரர்கள்.
சீல் விழுகிறவரைக்கும் விசிலடிப்பார்கள்.
கார்னர் எடுக்க ஒருத்தன் ஓடும்போதே
பெர்மிட் கிடைத்துவிடும், எஞ்சின் உறுமும்.
தொண்ணூறு நிமிஷமும் இருந்து பார்த்தவர்
நாமக்கல்லிலிருந்து முட்டை ஏற்றி வந்த ஒரே ஒருவர்.
அவருக்குக் காகிதம் சரியில்லை.

பிறகு ஜி.எஸ்.டி. வந்தது.
கேட்டை மேலே தூக்கிக் கட்டிவிட்டார்கள்.
லாரிகள் நிற்காமல் போயின.
அந்த வார ஆட்டம் இரண்டுக்கு ஒன்று என்று
நோட்டில் இருக்கிறது.
இரண்டு யார், ஒன்று யார் என்று
எழுத மறந்திருக்கிறேன்.

முதல் அணியின் போன வருஷத்துச் சட்டைகள்
சாக்கில் வரும்.
முதுகில் இருக்கும் பெயரை
டெய்லர் லூர்துமேரி பிளேடு வைத்துப் பெயர்த்தெடுப்பாள்.
எழுத்து போய்விடும்.
அதன் அடியில் வெயில் படாத துணி போகாது.
மயில்சாமி மூன்று சீசன்
ஒரு பிரேசில்காரனின் பெயரைக்
கருநீலத்தில் சுமந்துகொண்டு ரைட் பேக் ஆடினான்.
அவனுக்கு அதைப் படிக்க வரவில்லை.
'ஊர்ப்பேரா இருக்கும்' என்பான்.

'மேலே ஒரு ஆள் வேணும்' என்று ராத்திரி போன் வரும்.
கோச் தேவஸ்ஸி விரலை மட்டும் காட்டுவார்.
காஜா முகைதீன் போனான்.
பதினோரு ஆட்டம் பெஞ்சில், நாலு நிமிஷம் களத்தில்.
திரும்பி வந்தபோது
பூட்ஸ் வாங்கின நாள் மாதிரியே இருந்தது.
இப்படிப் போனவர்கள் ஒன்பது பேர்,
வந்தவர்கள் எட்டு.
ஒன்பதாவது ஆள் ஜஸ்டஸ்,
துபாயில் ஏ.சி. ரிப்பேர் பார்க்கிறான்.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை, நல்ல மழை.
முதல் அணியே பஸ்ஸில் வந்து இறங்கியது,
பயிற்சி ஆட்டத்துக்கு.
மூன்றுக்குப் பூஜ்யம்.
மூன்று நாங்கள்.
மானேஜர் என் கையிலிருந்த ஸ்கோர் ஷீட்டை வாங்கி
நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
'பிராக்டீஸ்தானே' என்றார்.
தேவஸ்ஸி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
பையன்கள் கத்தவில்லை, குதிக்கவில்லை.
சேற்றில் மாட்டிய பஸ்ஸைப்
பின்னால் நின்று தள்ளினார்கள்.
சக்கரம் வாரியடித்த சேற்றில்
ஒருத்தர் முதுகிலும்
பழைய பெயர் தெரியவில்லை.

நேற்று மறுபடியும் போன்.
நகைக்கடை விளம்பரம் வந்துவிட்டது,
அரைப்பக்கம் இனிக் கால்பக்கம்.
எதை எடுக்க என்று கேட்டேன்.
'நீங்களே பாருங்களேன்.'

பார்த்தேன்.
லாரிகளை எடுத்தேன். காற்றை எடுத்தேன்.
பிரேசில்காரனை எடுக்க மனசில்லாமல் எடுத்தேன்.
வியாழக்கிழமையைப் பற்றி ஏற்கனவே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.
அன்றைக்கு என் செலவு நோட்டில் ஒரு வரி,
அதை மட்டும் கடைசியில் சேர்த்து அனுப்பினேன்:

எலுமிச்சை, நாற்பத்து நாலு.

எப்போதும் இருபத்திரண்டுதான் வாங்குவேன்.
அச்சுப்பிழை என்று நினைத்துக்கொள்ளட்டும்.