மூன்றாவது பாட்டில் ஒரு கீறல்

பாகாயம் குவார்ட்டர்ஸிலிருந்து
பழுதுக்கு வந்த ரெக்கார்டு பிளேயருக்குள்
ஒரு தட்டு இருந்தது.
உறை இல்லை.
நடுவில் ஒட்டிய தாளை
ராமபாணப் பூச்சி தின்றிருந்தது.
ஊதியவன் பெயர், அவன் ஊர்,
எல்லாம் அதன் வயிற்றில்.
மிச்சம் வைத்தது
முப்பத்துமூன்று என்ற எண்ணும்
தலைகீழாக நின்ற ஒரு கேள்விக்குறியும்.

பெல்ட் மாற்றி, ஊசியைத் துடைத்து
சோதிக்கத்தான் வைத்தேன்.
லாங் பஜார், பகல் இரண்டு மணி,
வெயில் நூற்றெட்டு.
முதலில் இரண்டு கட்டைகள் தட்டிக்கொண்டன,
மூன்று, பிறகு இரண்டு.
தகிட தக என்று மடித்துப் பார்த்தேன்.
எங்கேயோ ஒரு முனை
வெளியே நீட்டிக்கொண்டே இருந்தது,
சின்னப் பெட்டியில் வைத்த எட்டுமுழ வேட்டி போல.

பிறகு ஒருவன் மூச்சு இழுத்தான்.
சத்தியமாய்க் கேட்டது.
ஊதுவதற்கு முன்னால் ஒரு மனிதன்
கொஞ்சம் பயப்படுகிற சத்தம்.
அப்புறம்தான் சாக்ஸபோன்.

அவசரமே இல்லை அதற்கு.
தாளமெல்லாம் பஸ்ஸைப் பிடிக்க ஓட
அது மட்டும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு
படியிறங்கி வந்தது.
பஸ்ஸும் நின்றது.

அத்தீக் பாய்,
விசாரத்துத் தோல் ஷாப்பில் ரகம் பிரிப்பவர்,
சார்ஜர் வாங்க வந்தவர் நின்றுவிட்டார்.
"கழுதத் தோலு... இல்ல, கோவேறு.
நல்லா காஞ்சது. கொழுப்ப ஒழுங்கா சீவிக்கிறான்."
ஊதுபவனை அவர் கேட்கவே இல்லை.
கையால் அடிக்கும் அந்த மேளத்தின் தோலை
கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவில்
இல்லாமலே தேய்த்துப் பார்த்தார்.
ராத்திரி ஷிப்டில் மர டிரம் சுற்றும்போது
உள்ளே ஈரத்தோல் விழுவது இப்படித்தானாம்,
தொப், தொப்தொப்.
"நாத்தம் மட்டும்தான் இல்ல."

மறுநாள் ஞானாதிக்கத்தைக் கூட்டிவந்தார்.
கல்யாண ஊர்வலத்தில் சாக்ஸ் வாசிப்பவர்,
சரிகைக் கோட்டுக்குள் இருபத்திரண்டு வருடம்.
மூன்றாவது பாட்டில் ஒரு கீறல்:
ஐந்து சுரம் ஏறி ஆறாவதில் ஊசி தடுக்கும்,
மறுபடி ஐந்து, மறுபடி,
நாலு தரம், பிறகு தானாகத் தாண்டிவிடும்.
ஊசியைத் தள்ளக் கை நீட்டினேன்.
"கைய எடு" என்றார்.
டீயில் ஆடை படிந்தது. குடிக்கவில்லை.

டாக்டரம்மா வந்து நானூற்றைம்பது கொடுத்தார்.
"தட்டா? அது என்னுது இல்லீங்களே.
நான் குடி வந்தப்பவே அதுக்குள்ளதான் இருந்துச்சு."
பிளேயரை மட்டும் எடுத்துப்போனார்.
அன்றிலிருந்து தட்டு என் அலமாரியில்,
சுற்றுவதற்கு ஒன்றுமில்லாமல்.

வைகாசியில் சாயிநாதபுரத்தில் மாப்பிள்ளை அழைப்பு.
ஜெனரேட்டர் வண்டி, தலையில் விளக்கு சுமந்த பெண்கள்,
எல்லோருக்கும் தெரிந்த சினிமாப் பாட்டு.
அதன் நடுவில்
ஞானாதிக்கம் மூச்சு இழுத்தார்.
ஐந்து சுரம். தடுக்கல்.
ஐந்து சுரம். தடுக்கல்.
நான் எண்ணினேன்.
குதிரை காதைத் திருப்பியது.
பெண்ணின் மாமா கத்தினார்:
"இன்னாபா, பாட்டு மாட்டிகிச்சா?"
கண்ணைத் திறக்கவில்லை அவர்.
முன்னால் ஆடிக்கொண்டிருந்த பையன்கள்
தூக்கிய காலை
எங்கே வைப்பதென்று தெரியாமல்