இடக்கைக்கு ஒரு சிபாரிசு

சயந்தவி,
ஆறு கிழமைக்கு மாவுக்கட்டு என்று எழுதியிருந்தாய்.
இடக்கையால் தட்டியது என்பதை
எழுத்துப்பிழைகளே சொல்லிவிட்டன.
வூப்பர்ட்டாலில் படிக்கட்டில் சறுக்கி விழுந்ததற்கு
வெட்கப்பட ஒன்றுமில்லை.
நடுவில் ஒரு ஆறு,
ஆற்றுக்கு மேலே
வௌவால் மாதிரித் தொங்கி ஓடும் ரயில்,
மிச்ச ஊர் முழுக்கப் படிதான்.

என்ன விளையாடலாம் என்று கேட்டாய்.
விருது வாங்கியவற்றை நான் சொல்லத் தேவையில்லை.
ஓபர்பார்மன் நிலையச் சுவரில்
மூன்று மாதம் மழையில் நின்றானே,
வாளோடு ஒருத்தன், அவனுக்கு
இரண்டு கையும் வேணும்
ஆயிரம் யூரோ கார்டும் வேணும்.
உன் மடிக்கணினி இரையத் தொடங்கினால்
கீழ்வீட்டு லிண்ட்னர் அம்மா
மேலே வந்து மணியடிப்பார்.

ஆகவே போன வருடம் வந்து
ஒருவரும் திரும்பிப் பாராதவை.

'உப்புத் தபால்.'
வெள்ளம் வடிந்த ஊரில் நனைந்த கடிதங்கள்.
காயவைத்து, விலாசம் கண்டுபிடித்து, அனுப்பவேணும்.
மவுஸை இடப்பக்கம் மாற்றிக்கொள், போதும்.
மை கரைந்த இடத்தில் ஊகிக்கலாம்.
பிழையாய் ஊகித்தால்
சிவப்பு எழுத்து வராது, மணி அடிக்காது.
கடிதம் வேறு வீட்டுக்குப் போகும்.
அந்த வீட்டுக்காரி பிரித்து வாசித்துவிட்டுப்
பதில் போடுவாள்.
வட்டிக்காரன் ஒருத்தனின் மிரட்டலை
நான் தெரியாமல் பியானோ ரீச்சருக்கு அனுப்பிவிட்டேன்.
இப்போது ஞாயிறுகளில்
இரண்டு பேரும் பாலத்தடியில் மீன் பிடிக்கிறார்கள்.
இப்படி ஒன்றை யாரும் எழுதிவைத்தார்களா
தானாய் நடந்ததா, எனக்குத் தெரியாது.

'மூன்றாம் கியர்.'
பனி தள்ளும் வண்டி, இரவு, ஒரு மலைப்பாதை.
முதல் ஒரு மணித்தியாலம் பொறுத்துக்கொள்.
உண்மையைச் சொன்னால் இரண்டு.
இசை படு மோசம்,
நிறுத்திவிட்டு உன் பாட்டைப் போடு.
ஆனால் விடிகிற நேரம்
நீ தள்ளிய பாதையில்
ஒரு பள்ளிக்கூட பஸ் மெதுவாய் வரும்.
உன்னை முந்தும். கை காட்டாது.
நான் ஏன் அந்த இடத்தில்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன் என்று
நீயே பார்.

மூன்றாவதைத் தொடாதே.
சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும், அதனால் சொல்கிறேன்.
'நானூறு படி.'
வருடத்தில் அதுதான் திறம்.
ஒரு கோபுரம், படிகள், வேறொன்றுமில்லை.
இடக்காலுக்கு ஒரு விசை, வலக்காலுக்கு ஒரு விசை,
இரண்டும் தாளம் தப்பாமல் மாறிமாறி.
தப்பினால் விழுகிற சத்தம்
நீ இப்போது கேட்கக்கூடாத சத்தம்.
உலகத்திலேயே பதினொரு பேர்தான்
பட்டியலில் இருக்கிறோம்.
கட்டு வெட்டினபிறகு, மார்ச்சில்,
என் வீட்டுக்கு வா,
சேர்ந்து ஏறுவோம்.

இதை அனுப்பியது வெள்ளிக்கிழமை.

செவ்வாய் இரவு, மூன்று மணி,
ஃபோவிங்கல் மருந்துக் கிடங்கில்
இருபது நிமிட இடைவேளை.
வலிமாத்திரைப் பெட்டிகளுக்கு நடுவில்
கைபேசியைத் திறந்தேன்.
பட்டியலில் பன்னிரண்டு பேர்.
நான் ஏழாவது.
ஆறாவது பெயர் 'மாவுக்கட்டு'.

கேட்டால் சிரிப்புப் படம் ஒன்று அனுப்புகிறாள்.
இடக்காலுக்கு இடக்கையாம்.
வலக்காலுக்குக் கட்டின் விளிம்பாம்,
விசையில் சுண்ணாம்புத்தூள் உதிர்கிறதாம்.
லிண்ட்னர் அம்மா மணியடிக்க வந்தவர்
கதிரை இழுத்துப் போட்டு இருந்து
படி எண்ணுகிறாராம், ஜெர்மனில், சத்தமாய்.
உப்புத் தபாலை வாங்கவே இல்லையாம்.

சொல்பேச்சுக் கேளாதவளே,
கோபம் பிறகு.
இடைவேளை முடிய நாலு நிமிடம் இருக்கிறது.
முந்நூற்றுப் பத்தாவது படி உடைந்து கிடக்கிறதே,
டிசம்பரிலிருந்து நான் அதற்குக் கீழேதான் நிற்கிறேன்.
எந்தக் காலை முதலில் வைத்தாய்?