நூற்றுத் தொண்ணூறாம் பக்கத்துக்குப் பிறகு

யெர்கோவின் கடைக்குப் போகக்
கடைசி இரண்டு தெருவும் கயிறு பிடித்துத்தான் நடக்க வேண்டும்.
நவம்பரில் புன்டா அரீனாஸ் காற்று ஆளைத் தூக்கிப் போடும்.
ஒரு கை கயிற்றில், ஒரு கை தொப்பியில்.
புத்தகம் வாங்கினால் எந்தக் கையில் எடுத்துவருவது
என்று கேட்பாள் மிலென்கா,
வாங்காமலிருக்க அவளுக்கு அது ஒரு சாக்கு.

மூன்றாம் தட்டில் இருந்தது அது.
'உப்புக் கோட்டைகள்'.
கெட்டி அட்டை, இன்னும் பிரிக்காத கண்ணாடி உறை.
ஒன்றரைக் கிலோ இருக்கும், கை சொன்ன கணக்கு.
விலை பென்சிலில்: ஐம்பத்தெட்டாயிரம் பேசோ.
அடியில் இரண்டு முறை அழித்த தடம்.

இணையத்தில் அதே நூல் முப்பத்தோராயிரம்.
ஆனால் மயாமியில் ஏறி, சாந்தியாகோவில் தூங்கி,
சுங்கத்தில் ஒரு சீட்டு ஒட்டிக்கொண்டு
நாற்பது நாள் கழித்து மூலை நசுங்கி வரும்.
போன தடவை பெட்டியைத் திறந்தால்
யாருக்கோ போக வேண்டிய தூண்டில் சுருள்.

பிடிஎஃப் ஒன்பதாயிரம்.
கெட்டில் கொதிப்பதற்குள் வந்துவிட்டது.

ஆமாம், அதைத்தான் வாங்கினேன்.
திரையில் படித்துக் கண் எரிந்ததால்
நான் சீட்டுக் கிழிக்கும் படகுத்துறை அலுவலகத்தில்
எல்லோரும் கிளம்பிய பிறகு
முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம்
கம்பெனித் தாளில், கம்பெனி மையில் அடித்தேன்.
நூற்றுத் தொண்ணூறில் கறுப்பு தீர்ந்தது.
இயந்திரம் நிற்கவில்லை,
மிச்சமிருந்த இளஞ்சிவப்பைப் பிழிந்து முடித்துக் கொடுத்தது.

எனவே எங்கள் உலகத்தில்
நூற்றுத் தொண்ணூறு வரைக்கும் பேய்கள் கறுப்பு.
அதற்குப் பின்னால் வரும் பனிப்பாம்பு,
கல்விழுங்கி, சதுப்பு அரசன் எல்லாம்
பல் முளைக்காத ஈறின் நிறம்.

பாஸ்தியானின் வீரனைச் சதுப்பு அரசன் அடித்த இரவு
அவன் தாளை விளக்குக்கு நேரே தூக்கி,
"இது மூன்றா, எட்டா?" என்றான்.
எனக்கும் தெரியவில்லை.
கதை நடத்துகிறவள் தெரியவில்லை என்று சொல்லக் கூடாது.
எட்டு என்றேன்.
ஐந்து உயிர்ப்புள்ளி மீதி வைத்திருந்த வீரன்
கையில் பந்தத்தோடு விழுந்தான்.

இதெல்லாம் நடந்தது எங்கே என்கிறீர்கள்?
யெர்கோ கடையின் பின்னறையில்.
அவன் மேசை, அவன் கணப்பு,
அவன் கிண்ணத்தில் இருபது முகப் பகடைகள், இரவல்.
வியாழன்தோறும் ஐந்து பேர், நள்ளிரவு வரை.
வாடகை என்று வாய் திறந்ததில்லை.
காப்பி ஆயிரம் பேசோ என்று ஒரு அட்டை மட்டும் தொங்கும்.
காப்பியை மிலென்கா வீட்டிலிருந்து பிளாஸ்கில் கொண்டுவருவாள்.

போன வாரம் ஒரு கப்பற்படைப் பையன்
கல்லாவில் நின்று கேட்டான்:
கோட்டைக்குள் கடல் ஏறினால் விதி என்ன?
யெர்கோ மூன்றாம் தட்டுப் பக்கமே திரும்பவில்லை.
கல்லாவுக்குக் கீழே கைபேசியைத் தடவி,
இருநூற்று நான்காம் பக்கத்தை வரி விடாமல் வாசித்தான்.
பையன் நன்றி சொல்லி ஒரு பென்சில் வாங்கிக்கொண்டு போனான்.

நான் பார்த்துவிட்டதை அவனும் பார்த்தான்.
"உறையைப் பிரித்தால் அப்புறம் யார் வாங்குவார்?
ஒரே பிரதி. ஒன்பதாயிரம் கொடுத்து
நானும் இதில்தான் படிக்கிறேன்."
கொஞ்ச நேரம் காற்று மட்டும் கதவோடு பேசியது.
பிறகு, தலையை நிமிர்த்தாமல்:
"பின்னறைச் சுவர் மெல்லிசு, இவானியா.
என்னுடையதில் சதுப்பு அரசன் பச்சை.
அது மூன்று."

அடுத்த வியாழன் நானே பேச்சை எடுத்தேன்.
ஐந்து பேர், ஆளுக்குப் பதினோராயிரத்து அறுநூறு.
நூல் கடையிலேயே இருக்கட்டும்,
உறை பிரிந்து, யார் கேட்டாலும் புரட்ட.
மிலென்கா தந்தாள்.
மற்ற இருவரும் முனகிக்கொண்டே தந்தார்கள்.

பாஸ்தியான் கையைக் கட்டிக்கொண்டான்:
"செத்தவன் எதற்குப் பங்கு தர வேண்டும்?
முதலில் என் ஆளை எழுப்பு."

மேசையில் செத்தவன் செத்தவன்தான்,
அது நான் போட்ட சட்டம்.
நூல் இன்னும் மூன்றாம் தட்டில், உறைக்குள்.
பதினோராயிரத்து அறுநூறு குறைகிறது.