முப்பத்திரண்டு

ஆஸ்பத்திரி மலருக்கு ஒரு பக்கம் கேட்டிருக்கிறீர்கள்.
பதக்கம் பற்றி எழுத ஒன்றுமில்லை,
அதன் ரிப்பனை நாய்க்குட்டி தின்றுவிட்டது.

வெலிங்டன், நாற்பத்தைந்து நவம்பர்.
லெப்டினென்ட் ஞானதீபம், வயது இருபத்து மூன்று,
நாசரேத்திலிருந்து வந்து
முதல் குளிரிலேயே உதடு வெடித்தவள்.
மேட்டுப்பாளையத்தில் வந்திறங்கும் ஆட்களை
மேலே கூட்டிவரும் வேலை எனக்கு.

அவர்களில் சாப்பர் முனிரத்தினம்,
ஆம்பூர்ப் பக்கம். எண்பத்தொரு பவுண்டு.
சிங்கப்பூரில் பிடிபட்டு
சயாமில் தண்டவாளம் போட்டவன்.
காகிதத்தில் அவ்வளவுதான் இருந்தது.

ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் குடித்தது.
நான் ஆரஞ்சுச் சுளைகளைக்
குரங்குகளுக்குத் தப்பவைத்து
எண்ணிக் கொடுத்துக்கொண்டிருக்க,
அவன் இறங்கிப்போய்
பல்தண்டவாளத்தின் ஓரம் குந்தி
ஒரு கட்டையின் மேல் உள்ளங்கையை வைத்தான்,
ஜுரம் பார்க்க நான் வைப்பதுபோல.

"சிஸ்டர், இதுக்கு எத்தனை பேர்?"

பெட்டியில் எத்தனை பேர் என்கிறான் என்று நினைத்தேன்.
முப்பத்திரண்டு என்றேன், பட்டியலைப் பார்க்காமலே.

வெகுநேரம் மேலே பார்த்தான்,
பாறையைக் குடைந்த சுரங்கத்தை,
அதற்கப்பால் பாலத்தை.
"கம்மிதான்" என்றான்.
துண்டால் கட்டையைத் துடைத்துவிட்டு ஏறிக்கொண்டான்.

வார்டில்
கட்டிலில் படுக்கமாட்டான், கட்டிலுக்கடியில்.
தலையணை உறைக்குள் ரொட்டித் துண்டு,
ரொட்டிக்கு எறும்பு, எறும்புக்கு நான்.
இரவு இரண்டு மணிக்கு டார்ச்சோடு
தலைகளை எண்ணிக்கொண்டு போவேன்.
அவன் முறை வரும்போது
தூக்கத்திலேயே விறைத்து
"நி-ஜூ-சிச்சி" என்பான்.
ஜப்பான்காரன் கணக்கில் இருபத்தேழு என்றார்
பக்கத்துக் கட்டில் ஹவில்தார் சவரிராயன்.
அதன்பிறகு எண்ணுவதை விட்டேன்.
பெயர் சொல்லிக்கொண்டு போனேன், மெதுவாக.
கணக்கு தவறியதென்று மேட்ரன் இருமுறை எழுதிவைத்தார்.

சவரிராயன்தான் டிசம்பரில் ஒருநாள்
கால் கட்டு மாற்றும்போது சொன்னார்:
அங்கே கட்டைக்கு ஒரு ஆள்னு பேச்சு, சிஸ்டர்.
சில இடத்துல ரெண்டு.

கத்தரிக்கோல் என் கையில் அப்படியே நின்றது.

போய்ச் சொல்லியிருக்கலாம்.
சொல்ல என்னிடம் சரியான எண் இல்லை.
குன்னூர் ஸ்டேஷனில் கேட்டுப் பார்த்தேன்,
இந்தப் பாதை போட்டபோது செத்தவர்கள் எத்தனை பேர் என்று.
பாலம் எத்தனை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.
சுரங்கம் எத்தனை என்றும்.

பிப்ரவரி, புல்லெல்லாம் உறைபனி.
நூற்றுப் பதினாறு பவுண்டு. டிஸ்சார்ஜ்.
அன்று அதே வண்டியில் இறங்க வேண்டிய
இன்னொரு முகாம் பையன்
பிளாட்பாரத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு
வரமாட்டேன் என்று நின்றான்.
முனிரத்தினம் அவன் விரல்களை
ஒவ்வொன்றாக விடுவித்தான்.

"பயப்படாதே. இது முப்பத்திரண்டோட போச்சு.
சிஸ்டரையே கேளு."

பையன் என்னைப் பார்த்தான்.
கார்டு பச்சைக்கொடியை விரித்துவிட்டார்.
நான் தலையாட்டினேன்.

இது உங்கள் மலருக்கு ஆகுமா, தெரியாது.
ரொட்டியும் எறும்பும் போதுமென்றால்
அத்தோடு வெட்டிக்கொள்ளுங்கள்.