ரேஞ்ச்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியில் எங்கள் கடை.
ரதீஷ் உடைந்த ஸ்கிரீன் மாற்றுவார்.
நான் பில் எழுதுவேன்.
நர்சிங் படிக்கிற பிள்ளைகள் கவுண்டரில் சாய்ந்து
குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்:
"அக்கா, நான் லைக் போட்டது யாருக்கும் தெரியாம இருக்கணும்."
உள்ளே போய், இன்னும் உள்ளே போய்,
எந்தக் கொண்டியை எங்கே மாட்டுவது என்று
காட்டிக்கொடுப்பேன்.
அதற்கு மட்டும் காசு வாங்குவதில்லை.

ஆனால் ஒரு சன்னல் திறந்தே இருக்கட்டும் என்று
தினமும் வேண்டிக்கொண்டவள் நான்.
ததேயு அண்ணனின் சன்னல்.

ரதீஷைக் கட்டியதிலிருந்து அண்ணன் பேசவில்லை.
ஐந்து வருஷம். நம்பரும் மாறிவிட்டது.
அவன் எதுவும் எழுதுகிறவனில்லை, படம் போடுகிறவனில்லை.
லைக் மட்டும் போடுவான்.
யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் அந்தப் பட்டியலை.
நான் பார்த்தேன்.

வள்ளவிளையிலிருந்து போட் ஏறினால் நாற்பது நாள்,
சுறா தேடி, ரேஞ்ச் இல்லாத கடல்.
பட்டியல் அசையாது.
அப்புறம் ஒரு ராத்திரி மூன்று இருபதுக்கு
கொட்டும் பதினேழு லைக்:
தூத்தூர்க்காரன் அடித்த கோல்,
டீசல் விலை, யாரோ ஒரு பிள்ளையின் புதுநன்மை,
பல்வலிக்குக் கிராம்பு,
பெண்டாட்டிக்குப் பயப்படுகிறவன் ஜோக்கு.
ரத்னகிரியோ கொச்சியோ,
கரைப்பக்கம் வந்துவிட்டான்.
அன்றைக்குத்தான் நான் தூங்குவது.

தொட்டில் விற்கிற கடைக்கு மூன்று லைக் விழுந்தபோது
மதினி முழுகாமல் இருப்பதும் தெரிந்தது.
பிறகு மதினி போட்ட குழந்தைப் படத்தில்
என் விரல் ஒருதரம் தவறியது.
தவறியது என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன்.
பத்து நிமிஷத்தில் எமரன்சி மாமி
அம்மாவைக் கூப்பிட்டுவிட்டாள்:
"ஓடிப்போனவளுக்க இப்பம் என்ன பாசம்?"
எடுத்துவிட்டேன்.
மீன் வெட்டிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய மாதிரி.

போன ஜூனில் கம்பெனி அறிவித்தது.
இனி ஒருவர் விரும்பியதை மற்றவர் பார்க்க முடியாது.
படம் போட்டவருக்கு மட்டும் தெரியும்.
ஜெபின் கடைக்குள் ஓடிவந்தான்,
"அக்கா, இனி உங்களுக்கு வேலையே இல்ல."
சிரித்தேன்.
ராத்திரி அண்ணன் பெயரைத் தொட்டேன்.
பட்டியல் இருந்த இடத்தில் வெள்ளை.

நாற்பது நாள் ஆயிற்று. நாற்பத்தாறு.
டிவியில் காற்றழுத்தத் தாழ்வு,
வட்டம் வட்டமாய்ச் சுற்றுகிறது.
அம்மா போன் எடுப்பதில்லை.
பங்கு அலுவலகத்துக்கு அடித்தேன்.
"எந்தப் போட்டு?"
தெரியாது.
"நீங்க யாரு?"
வைத்துவிட்டேன்.

அண்ணன் பக்கத்தில் ஒரே ஒரு படம்.
ஏழு வருஷத்துக்கு முந்தையது,
பெயிண்ட் காயாத புது போட், முகப்பில் செவ்வந்தி மாலை.
அதைத் தொட்டேன்.
இதயம் சிவந்தது. இருபத்திரண்டு இருபத்துமூன்று ஆனது.
மாமிக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியாது.
பக்கத்தில் தூங்குகிற ரதீஷுக்கும் தெரியாது.
எங்கோ ஒரு கடலில்
ரேஞ்சுக்குள் வந்ததும் அவன் சட்டைப் பையில்
ஒரு தரம் அதிரும்:
மெர்சில்டா.

ஐம்பத்தொன்றாம் நாள்.
கஸ்டமர் ஒருத்தி கேட்கிறாள்,
யாராவது நம்மைப் பிளாக் செய்தால் எப்படித் தெரியும்?
பெயர் தேடினாலும் வராது, படமெல்லாம் போய்விடும் என்கிறேன்.
சொல்லிக்கொண்டே கவுண்டருக்குக் கீழே என் போனைத் திறக்கிறேன்.
புது போட். செவ்வந்தி. இருபத்துமூன்று.
எல்லாம் அப்படியே இருக்கிறது.

அண்ணா, பிளாக் செய்துவிடேன்.
நான் தூங்க வேண்டும்.